வான்வழிப் போரும் ஒரு தளபதியும்: ஜெனரல் கேர்ட்டிஸ் லெமேயின் படைவரலாறு

1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10ஆந் தேதி பிற்பகலில், திருகோணமலையை அடுத்த சீனக்குடா விமானத் தளத்திலிருந்து 50-க்கு மேற்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிழக்கு நோக்கி எழுந்தன. அவை பி-29 என்னும் வகையின. அக்காலத்தில் எந்நாட்டுப் படையிலும் அவற்றினும் பெரிய குண்டுவீச்சு விமானம் சேவையில் இருந்ததில்லை. யப்பானியர் கைப்பற்றியிருந்த சுமாத்திரா தீவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமே அவற்றின் இலக்கு. போய்வரும் தொலைவு ஏறத்தாழ 4,000 மைல், பெரும்பகுதி கடல். இரவு முழுதும் பறந்து மறுநாள் மீண்ட அவ்விமானங்கள் இலக்கிற்கு விளைத்த சேதமோ மிகச் சிறிது. இரண்டாண்டுகளுக்கு முன், 1942 ஏப்ரிலில், யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிச் சென்றதை நம் முதியோர் பலர் நினைவிற் கொண்டிருந்தனர். அதே திருகோணமலையிலிருந்து யப்பானியரைத் தாக்க எழுந்த இப்பெரும் பயணத்தை அறிந்தோர் சிலரே.

பறந்த தொலைவிற்கும் பெற்ற பயனுக்கும் இருந்த இப்பொருத்தமின்மை அவ்வொரு நாளோடு நின்றதன்று. இந்தியாவைத் தளமாகக் கொண்டிருந்த அப்படைப்பிரிவு முழுதையும் பற்றியிருந்த குறை அது. அதனைத் தீர்க்குமாறு, 19 நாள் கழித்து, வங்காளத்துக் கரக்பூரில் 37 வயதினரான ஒரு தளபதி அப்பிரிவின் தலைமையை ஏற்றார். அவரே கேர்ட்டிஸ் எமர்சன் லெமே. அமெரிக்க இராணுவத்தின் மேஜர் ஜெனரல்களுள் அன்று வயதில் இளையவர் அவர்.

வரலாற்று மாணவர் இவரைக் கற்பதற்கு இவருடைய வெற்றி தோல்விகள் மாத்திரம் காரணமல்ல. விமானம் என்னும் கருவி, படையின் கண்ணாயிருந்த நிலைமாறி, ஒரு நாட்டின் நகரங்களையே போர்க்களமாக்கும் நிலைக்கு வந்த 30 ஆண்டுக்காலத்தை ஒரு மனிதனின் வாழ்விற் காணவேண்டுமாயின் லெமேயின் வாழ்வே அதற்கு ஏற்றது. அவரை வீரர் என்று போற்றுவாரும் கொலைஞர் என்று தூற்றுவாரும் இன்றும் உளர். இரு சாராரும் அவர் செய்தவற்றுட் பாதியை மறந்தே பேசுகின்றனர் என்பது எமது கருத்து.

லெமே 1906 நவம்பர் 15இல் ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் கிடைத்த தொழிலைச் செய்து பிழைத்தவர். தொழில் தேடிக் குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரிக்குச் செல்வதற்கு வேண்டிய பரிந்துரை பெறும் செல்வாக்கு அவ்வீட்டாருக்கு இல்லை. எனவே ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் கட்டடப் பொறியியல் கற்றார். இரவில் இரும்பு வார்ப்புச்சாலையில் வேலை, பகலில் வகுப்பு. நித்திரைக்குக் கிடைத்த பொழுது வகுப்பிலேயே கழிந்ததும் உண்டு. பட்டம் முடிவதற்கு முன்னரே 1928இல் விமானப் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். பட்டத்தைப் பின்னரே முடித்தார். அந்நாளில் அமெரிக்காவில் தனி விமானப்படை இல்லை. விமானிகள் தரைப்படையின் ஒரு பகுதியினராகவே இருந்தனர். 1947 செப்டெம்பரிலேயே அது தனிப்படையாயிற்று.

இளமையில் அவர் விரும்பியது சண்டை விமானத்தை. பின்னர் அதனை விட்டுக் குண்டுவீச்சு விமானத்தின் பக்கம் திரும்பினார். சண்டை விமானம் தற்காப்பிற்கு உரியது, போரை முடிப்பது குண்டுவீச்சு விமானமே என்பது அவர் எண்ணம். ஆயினும் அவருக்கு முதலிற் புகழ் தேடித்தந்தது குண்டன்று, வழிகாணும் கலை. நிலக்குறி ஒன்றுமில்லாத கடல்மேல் விண்மீனையும் கடிகாரத்தையும் கொண்டு இடமறியும் வித்தையை அக்காலத்தில் அமெரிக்கப் படையில் முறையாகக் கற்றோர் மிகச் சிலர். லெமே அதனை அவுஸ்திரேலியரான ஹரல்ட் கற்றி என்பவரிடம் கற்றார். 1937 ஓகஸ்டில் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் நடந்த ஒத்திகையில் ‘யூட்டா’ என்னும் போர்க்கப்பலைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. கடற்படை தந்த இடக்குறிப்பே பிழைபட்டிருந்தது. எனினும் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டு நீர் நிரப்பிய குண்டுகளால் தாக்கப்பட்டது. மறு ஆண்டு மே 12இல் மூன்று பி-17 விமானங்கள், மழையும் முகிலும் சூழ்ந்த அத்திலாந்திக் கடலின்மேல், கரையிலிருந்து 600 மைலுக்கு அப்பால் வந்துகொண்டிருந்த ‘ரெக்ஸ்’ என்னும் இத்தாலியப் பயணக் கப்பலைக் குறித்த நேரத்திற் கண்டு அதன்மேற் பறந்தன. முன்சென்ற விமானத்தில் வழிகாட்டியாக இருந்தவர் லெமே. கடற்கரையைக் காப்பது தமக்கே உரியதென்றிருந்த கடற்படையாருக்கு இச்செய்தி இனிக்கவில்லை.

1942 இலையுதிர்காலத்தில் 305ஆம் குண்டுவீச்சு அணியின் தலைவராக இங்கிலாந்து சென்றபோது அவருடைய விமானிகளுள் அநேகர் பயிற்சி நிறைவுபெறாத இளைஞர். லெமேக்குத் தாமுமே போர் அனுபவம் இல்லை. அவ்வேளையில் முகநரம்பு வாதம் கண்டு அவர் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. சிரிக்காத தளபதி என்று பிற்காலத்தில் அவருக்கு வந்த பெயருக்கு நோயும் ஓரளவு காரணம். வாயிற் சுருட்டு நீங்காதிருந்ததும் அக்கோணலை மறைக்கவே என்பர். அதிகம் பேசாதவர், பேசினாற் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும், அவ்வளவு மெல்லிய குரல்.

இங்கிலாந்திலிருந்த பிற அணிகள், பீரங்கிக் குண்டுக்குத் தப்பும்பொருட்டு இலக்கை அணுகுங்கால் வளைந்து வளைந்து பறந்தன. அதனால் குண்டுகள் இலக்கைவிட்டு எங்கோ விழுந்தன. இலக்கைத் தவறவிட்டால் நாளையும் அதே இடத்திற்கு வரவேண்டும். அப்போது நாளையும் ஆட்கள் மடிவர். லெமே பழைய பீரங்கிக் கைந்நூலை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். நேராகப் பறக்கும் விமானத்தை வீழ்த்துவதற்கு விமானிகள் அஞ்சும் அளவினும் மிகப் பல குண்டுகள் வேண்டியிருக்கும் என்பது அவர் கண்ட விடை. 1942 நவம்பர் 23இல் பிரான்சின் சென் நசேர் துறைமுகத்தின்மேல், தாமே முன்விமானத்தில் இருந்து, ஏழு நிமிட நேரம் சிறிதும் வளையாது தம் அணியை நடத்திச் சென்றார். கணக்குப் பொய்க்கவில்லை. அம்முறை பின்னர் ஏனைய அணிகளுக்கும் விதியாயிற்று. விமானங்களை மேலும் கீழுமாக அடுக்கி, ஒன்றின் துப்பாக்கி மற்றொன்றைக் காக்குமாறு பறக்கச் செய்த ‘பெட்டி வகுப்பு’ அணிவகுப்பும் பெரிதும் அவருடைய ஆக்கமே.

1943 ஓகஸ்ட் 17ஆந் தேதி ஜேர்மனியின் ரெகன்ஸ்பேர்க் நகரத்து விமானத் தொழிற்சாலைமேல் 146 விமானங்களோடு சென்றார். அன்றைய திட்டத்தின்படி ஷ்வைன்பேர்ட்டுக்குச் செல்லும் மற்றொரு பெரும்படை உடன் புறப்பட்டு எதிரியின் சண்டை விமானங்களைப் பங்கிட்டுக் கொண்டிருக்கவேண்டும். காலைப் பனிமூட்டத்தில் லெமேயின் விமானிகள் எழுந்துவிட்டனர். மூட்டத்திற் கருவி கொண்டு எழும் பயிற்சியை அவர் முன்னரே அளித்திருந்தார். மற்றைப் படையால் எழ முடியவில்லை. ஆகவே எதிரி தனித்தனியாக இரு படைகளையும் எதிர்கொண்டான். குண்டு வீசியபின் அல்ப்ஸ் மலையைக் கடந்து வட ஆபிரிக்காவில் இறங்கிய லெமேயின் படையில் 24 விமானங்கள் இல்லை. மற்றைப் படையில் 36 இல்லை. ஒரு விமானத்துக்குப் பத்துப்பேர் என்று கணக்கிட்டால் அந்நாளின் விலை விளங்கும்.

இத்தகையவர் 1944இல் கரக்பூருக்கு வந்தபோது கண்டது வேறொரு வகைத் தொல்லை. பி-29 விமானத்தை ஆக்குவதற்கு அமெரிக்கா செலவிட்டது ஏறத்தாழ 300 கோடி டொலர். அணுகுண்டுக்கு ஆன செலவினும் அது மிகுதி. அத்தகைய விமானம் இயந்திரம் தீப்பிடித்து வானிலேயே அழிந்துகொண்டிருந்தது. யப்பானை எட்டுவதற்குச் சீனத்துச் செங்டு நகரை முன்தளமாகக் கொள்ளவேண்டியிருந்தது. அங்குத் தரைவழி இல்லை. ஒவ்வொரு கலன் எண்ணெயும் ஒவ்வொரு குண்டும் இமயத்தைக் கடந்து விமானத்திலேயே செல்லவேண்டும். ஒருமுறை யப்பானைத் தாக்கப் பன்முறை மலையைக் கடக்கவேண்டிய இம்முறை நிலைக்காது என்பதை அவர் விரைவிற் கண்டார். வடசீனத்திலிருந்த மா சேதுங்குடன் வானொலி வழியாகத் தொடர்பு கொண்டு, வீழ்ந்த விமானிகளை மீட்பதற்கும் வானிலைச் செய்தி பெறுவதற்கும் உதவி பெற்றார். பொதுவுடைமையை வெறுப்பதிற் பிற்காலத்தில் எவருக்கும் பிந்தாதவர் இவர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. அவ்வாண்டு டிசம்பர் 18இல் யப்பானியர் வசமிருந்த ஹாங்கோ நகரத்துத் துறைமுகப் பகுதியின்மேல் தீக்குண்டு வீசப்பட்டது. நாட்கணக்காக அப்பகுதி எரிந்தது. அதனை அவர் மறக்கவில்லை.

1945 சனவரி 20இல் பசிபிக் கடலின் மரியானாத் தீவுகளில் இருந்த 21ஆம் குண்டுவீச்சுப் படையின் தலைமையை ஏற்றார். அவருக்கு முன்னிருந்த ஹேவுட் ஹான்செல் பகலிற் பறந்து தொழிற்சாலைகளையே குறிவைக்கும் கொள்கையினர். ஆனால் யப்பான் மேல் 30,000 அடி உயரத்தில் வீசும் கடுங்காற்றைப் பற்றி அமெரிக்க விமானிகள் அதுவரை நன்கு அறிந்திலர். அக்காற்றிற் குண்டுகள் எங்கெங்கோ விழுந்தன. முகிலின்றி வெளித்த நாளோ மாதத்திற் சிலவே. தோக்கியோவை அடுத்த முசாசினோ விமான இயந்திரச் சாலையை மீண்டும் மீண்டும் தாக்கியும் அது தொழிற்பட்டுக்கொண்டே இருந்தது. லெமேயும் முதல் ஆறு கிழமைகள் அதே முறையைக் கையாண்டு அதே தோல்வியைக் கண்டார். வாஷிங்டனிலிருந்த தலைமைத் தளபதி ஆர்னல்டு பலனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்; பலன் காட்டாத ஹான்செலுக்கு நேர்ந்தது யாது என்பதை லெமே அறிவார்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறல்வேண்டும். யப்பானிய நகரங்களைத் தீயினால் அழிக்கலாம் என்னும் எண்ணம் லெமேயின் கண்டுபிடிப்பன்று. 1943இலேயே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் யப்பானியர் வீடுகளைப் போன்ற வீடுகளைப் பாய், தட்டுமுட்டுச் சாமான்களோடு கட்டி எழுப்பி, எக்குண்டு விரைவில் எரிக்கும் என்று சோதித்துப் பார்த்திருந்தனர். நேபாம் நிரப்பிய குண்டுகள் அச்சோதனையின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டுக் குவாம் தீவிற் குவிந்துகிடந்தன. கொள்கை மேலிடத்துக்கு உரியது; கருவியும் அவர்கள் அனுப்பியது. லெமேயினுடையது ஒரு முடிவு. 30,000 அடியில் அன்று, 5,000 முதல் 9,000 அடி வரையிற் பறப்பது; பகலில் அன்று, இரவிற் பறப்பது; துப்பாக்கிகளையும் அவற்றின் குண்டுகளையும் நீக்கி அந்நிறைக்கும் தீக்குண்டே ஏற்றுவது. யப்பானியரிடம் இரவுச் சண்டை விமானமும் தாழ்ந்த உயரத்திற்கு ஏற்ற பீரங்கியும் குறைவு என்பது அவர் ஊகம். அவ்வூகம் பிழைத்திருப்பின் அவர் தம் படையின் பெரும்பகுதியை ஓரிரவில் இழந்திருப்பார். உத்தரவைக் கேட்ட விமானிகள் தாம் மீளப்போவதில்லை என்றே எண்ணினர். அணுகுண்டைப் பற்றிய இரகசியத்தை அறிந்தவராகையால் எதிரி நாட்டின்மேற் பறக்க அவருக்கு இசைவில்லை என்பர். அன்றிரவு அவர் குவாமிலேயே இருந்து செய்திக்குக் காத்திருந்தார்.

1945 மார்ச் 9ஆந் தேதி மாலை 300-க்கு மேற்பட்ட விமானங்கள் எழுந்தன. நள்ளிரவு கழிந்ததும் 279 விமானங்கள் தோக்கியோவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 1,665 தொன் தீக்குண்டுகளை வீசின. அது மர வீடுகள் நெருங்கிய, தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அன்றிரவு பலத்த காற்று. தனித்தனியே பற்றிய தீக்கள் ஒன்றுகூடி ஊழித்தீ ஆயின. சுமிடா ஆற்றையும் கால்வாய்களையும் நாடி ஓடியோர் நீரிலும் உயிர் தப்பவில்லை. கொதோதோய்ப் பாலத்தில் இரு கரையினின்றும் ஓடிவந்த கூட்டம் நடுவில் முட்டி நின்று மாண்டது. நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுட் பலர், பள்ளி நிறைவு விழாவுக்கெனச் சில நாட்களுக்கு முன்னரே பெற்றோரிடம் திரும்பியிருந்தனர். விடிந்தபோது ஏறத்தாழ 16 சதுரமைல் சாம்பலாயிருந்தது. மாண்டோர் தொகையை 80,000 முதல் 1,00,000 வரை என்பர். அதனினும் மேலென்பாரும் உளர். வீடிழந்தோர் 10 இலட்சம் வரையினர். திரும்பாத விமானங்கள் 14. வரலாற்றில் ஒரு நாளில் இவ்வளவு உயிரைக் குடித்த வான்தாக்குதல் வேறில்லை என்று பலர் கருதுவர். பின்னர் வந்த அணுகுண்டுகளையும் உட்படுத்தியே இவ்வாறு கூறுவர்.

பத்து நாட்களுள் நகோயா, ஒசாக்கா, கோபே, மீண்டும் நகோயா எனத் தாக்குதல் தொடர்ந்தது. அது நின்றது இரக்கத்தினால் அன்று, தீக்குண்டு தீர்ந்துவிட்டமையால். புதிய இருப்பு வந்ததும் மறுபடி தொடங்கியது. போர் முடியுமுன் 60-க்கு மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. மார்ச் இறுதியிலிருந்து யப்பானியத் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் இவ்விமானங்களே கடற்கண்ணிகளையும் இட்டன. கப்பற் போக்குவரத்தை முடக்கி நாட்டின் உணவையும் நிலக்கரியையும் தடுத்ததில் அக்கண்ணிகளின் பயன் மிகப் பெரிது. அதற்கென லெமே ஒதுக்கியது தம் படையின் ஒரு பகுதியையே. கண்ணிக்கு மிகுதியும் தீக்குக் குறைவுமாக அப்படை பங்கிடப்பட்டிருப்பின் யாது விளைந்திருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் இன்றும் வினவும் வினா. அவ்வினாவை 1945இலேயே எழுப்பியிருத்தல் கூடும். எழுப்பியவர் சிலர், செவிமடுத்தவர் அவர்களினும் சிலர்.

லெமே தம் செயலுக்குக் கூறிய நியாயம் இரண்டு. யப்பானியத் தொழில் பெருஞ்சாலைகளில் மாத்திரம் இல்லை, வீடுதோறும் சிறு பட்டறைகளாகச் சிதறிக் கிடந்தது என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. ஆயினும் பட்டறை இருந்த தெருவில் தொட்டிலும் இருந்தது. போரை நீளவிடுவதே கொடுமை, விரைவில் முடிப்பதே இரக்கம் என்பது மற்றொன்று. கியூஷு தீவின்மேற் படையெடுப்பு 1945 நவம்பருக்கு என்று குறிக்கப்பட்டிருந்த நிலையில், இந்நியாயத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் இதற்கு எல்லை யாது? விரைவில் முடியும் என்று கூறி எதனைத்தான் செய்யலாகாது? அவருடைய கீழ்க் கணக்காய்வாளராகப் பணியாற்றிய றொபேட் மக்னமாரா, 2003இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில், தாம் தோற்றிருப்பின் போர்க்குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்டிருப்போம் என லெமேயே கூறியதாகச் சொல்லி, அது சரியென்றே தமக்குத் தோன்றுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

நம் முன்னோரும் இவ்வினாவை அறியாதாரல்லர். பகைவர் நாட்டைத் தீக்கிரையாக்கும் எரிபரந்தெடுத்தலைத் தொல்காப்பியர் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். போர் அவ்வாறே நடந்தது, ஆகவே இலக்கணமும் அதனைக் கூறிற்று. முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டோ, அம்பு விடுமுன் பெண்டிரும் பிணியுடையோரும் ஏனைக் காக்கத்தக்கோரும் அரண் சேருமாறு அறிவித்தலை அறநெறியாகப் போற்றுகின்றது. 1945 யூலை இறுதியில் லெமேயின் விமானங்கள் சில நகரங்களின் பெயர்களை அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களை வீசி, மக்களை வெளியேறுமாறு எச்சரித்தன. அதனை நெட்டிமையார் கண்ட அறத்தோடு ஒப்பிட மனம் விழைகின்றது. எனினும் அவ்வெச்சரிக்கை எதிரியின் மனவுறுதியைக் குலைக்கும் உத்தியாகவும் இருந்தது. தோக்கியோ எரிந்த மார்ச்சு மாதத்தில் எவ்வெச்சரிக்கையும் விழவில்லை. இவ்வளவோடு அவ்வொப்பீட்டை நிறுத்திக்கொள்வோம்.

போர் முடிந்தபின் 1947இல் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க விமானப்படையின் தலைமை அவருக்கு வந்தது. 1948 யூனில் சோவியத்துப் படையினர் பேர்லின் நகரின் மேற்குப் பகுதிக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தனர். விமானத்தில் நிலக்கரி கொண்டுசெல்ல முடியுமா என்று மேலிடத்தார் வினவினர். எதனையும் கொண்டுசெல்வோம் என்றார் லெமே. நகரங்களை எரித்தவர் ஒரு நகரின் அடுப்பெரிய நிலக்கரி சுமந்தார். அப்பணியைப் பின்னர் விரித்து முறைப்படுத்திய பெருமை வில்லியம் தன்னர் என்பவருக்கே உரியது. தொடக்கியவர் என்ற அளவில் லெமேக்கும் பங்குண்டு.

அவ்வாண்டு ஒக்டோபரில் அணுகுண்டு தாங்கும் விமானங்களுக்குரிய தந்திரோபாய வான்படைத் தலைமையை ஏற்றார். 1957 வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டு அப்பதவியில் இருந்தார். வந்த சில மாதங்களுள், தம் குண்டுவீச்சு விமானங்கள் அனைத்தையும் ஒகாயோவின் டேட்டன் நகரை இரவில் உயரப் பறந்து தாக்குவதுபோல் ஒத்திகை பார்க்குமாறு பணித்தார். குறித்தபடி அப்பணியை முடித்த குழு ஒன்றேனும் இல்லை என்று பிற்காலத்தில் எழுதினார். அன்றிலிருந்து பயிற்சி ஓயவில்லை. சிறந்த குழுவினருக்கு உடனடிப் பதவி உயர்வு. தரம் தாழ்ந்தால் அது பறிபோகும். அதே வேளை படையினரின் வீடு, உணவு, ஓய்வு ஆகியவற்றை இவரளவு கவனித்த தளபதி அப்படையில் அரியர். 1951இல் 44 வயதில் முழு ஜெனரல் ஆனார். ஏற்றபோது ஏறத்தாழ 52,000 பேரைக் கொண்டிருந்த அப்படையில், அவர் விலகியபோது 2,24,000 பேர் இருந்தனர்.

1957 சனவரியில் மூன்று பி-52 விமானங்கள் எங்கும் இறங்காது 45 மணி 19 நிமிடத்தில் உலகைச் சுற்றின. அராபியாவின்மேல் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, இந்தியக் கரையைத் தொடர்ந்து இலங்கைவரை வந்து, மலாய்த் தீபகற்பத்தின் அருகே குண்டுவீசுவதாக ஒத்திகை செய்து, மணிலா வழியாக அவை சென்றன. இறங்கிய விமானிகளை லெமே நேரில் வரவேற்று விருதளித்தார். இதன் பொருள், உலகில் எந்த ஊரும் இனித் தொலைவில் இல்லை என்பதே. சீனக்குடாவிலிருந்து சுமாத்திராவுக்குச் சென்றுவருவதே அருஞ்செயலாயிருந்த காலத்திற்கும் இதற்கும் இடையிற் பதின்மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

1961இல் விமானப்படையின் தலைமைத் தளபதியானார். அமைச்சராக அவருக்கு மேல் அமர்ந்தவர் அவருடைய பழைய கணக்காய்வாளர் மக்னமாரா. இருவருக்கும் இணக்கம் இல்லை. 1962 ஒக்டோபரிற் கியூபாவிற் சோவியத்து ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, உடனே விமானத் தாக்குதல் நிகழ்த்துக என்று லெமே வற்புறுத்தினார். ஒக்டோபர் 19இல் சனாதிபதி கென்னடியின் முன்னிலையிற் பேசுகையில், கடல்வழித் தடை மாத்திரம் விதிப்பது ஏறத்தாழ மியூனிக் உடன்படிக்கையளவு இழிவு என்னும் கருத்தையும் வெளியிட்டார். அக்கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்று எவரும் கேட்கக்கூடியதாக உள்ளது. கியூபாவில் ஏறத்தாழ 40,000 சோவியத்துப் படையினர் இருந்தனர் என்பதும், படையெடுத்து வருவோர்மேல் ஏவத்தக்க சிறிய அணுவாயுதங்கள் அங்கு ஏற்கெனவே வந்திருந்தன என்பதும் மூன்று தசாப்தங்களின் பின்னரே வெளியாயின. லெமேயின் ஆலோசனை ஏற்கப்பட்டிருப்பின் அவ்வாயுதங்கள் பயன்பட்டிரா என்று உறுதிகூற வல்லார் யார்? சென் நசேரிலும் குவாமிலும் கணக்குப் பலித்த ஒருவர், கணக்கிற்குள் அடங்காத ஒன்றையும் அவ்வாறே அணுகினார் என்று எமக்குத் தோன்றுகின்றது.

1964 டிசம்பரில் யப்பானிய அரசாங்கம் தன் உயர்ந்த விருதுகளுள் ஒன்றாகிய உதயசூரிய விருதின் முதல் வகுப்பை லெமேக்கு வழங்கிற்று. போருக்குப்பின் யப்பானிய வான் தற்காப்புப் படையை அமைப்பதில் உதவினார் என்பதே கூறப்பட்ட காரணம். யப்பானியப் பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. தோக்கியோவில் உறவினரை இழந்தோர் மனம் எவ்வாறிருக்கும் என்பதை நாம் விரித்தல் வேண்டா. அவ்விருது திரும்பப் பெறப்படவில்லை.

1965 பெப்ரவரியில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் வட வியட்னாமைக் குண்டுவீசிக் கற்காலத்துக்கு அனுப்பலாம் என்று காணப்பட்ட தொடர் அவர் பெயரோடு நீங்காது ஒட்டிக்கொண்டது. தாம் கூறியது செய்யும் வல்லமையை மாத்திரமே என்று பின்னர் விளக்கினும் எவரும் கேட்கவில்லை. 1968இல், இனப் பிரிவினையை ஆதரித்து நின்ற ஜோர்ஜ் வாலசுடன் உப சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டார். ஒக்டோபர் 3இல் வேட்பாளராக அறிமுகமான கூட்டத்திலேயே, அணுவாயுதத்தைக் கண்டு மக்கள் அளவுகடந்து அஞ்சுகின்றனர் என்று பேசத் தொடங்கிவிட்டார். அருகே நின்ற வாலஸ் திகைத்தார். ஐந்து மாநிலங்களும் 46 தேர்தற்குழு வாக்குகளும் அவர்களுக்குக் கிடைத்தன. அரசியல் அவருக்குரிய களமன்று. தம் படையினரை ஆணையால் நடத்தியவர் வாக்காளரையும் அவ்வாறே எண்ணினார்.

கேர்ட்டிஸ் லெமே 1990 ஒக்டோபர் 1இல் கலிபோர்னியாவின் மார்ச் விமானத் தளத்து மருத்துவமனையில் மாரடைப்பினாற் காலமானார். கொலராடோவிலுள்ள விமானப்படைக் கல்லூரியின் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். மறு ஆண்டு செப்டெம்பரில், இரவுபகலாகக் காவல் நின்ற குண்டுவீச்சு விமானங்களை அந்நிலையினின்று நீக்குமாறு அமெரிக்கச் சனாதிபதி பணித்தார். 1992 யூன் 1இல், அவர் வளர்த்த தந்திரோபாய வான்படைத் தலைமை கலைக்கப்பட்டது.